ஒரு பார்வையில் எத்தனை?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

“நானே என் கண்ணால் பார்த்தேன்” என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! காதால் கேட்டதைச் சந்தேகிப்போம். கண்ணால் கண்டதைச் சந்தேகிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற ஆண்டு தையல் வகுப்பில் ஒரு நிகழ்ச்சி நடக்கும் வரை.

அன்று காலை இரண்டாம் பாடவேளையில் தையல் அறைக்கு வெள்ளைத் தாள்கள் எடுக்கச் சென்றேன். மேசைமேல் வழக்கம்போல் பல சாமான்கள் இருந்தன. ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பின் என் தோழி ஒருத்தி ஊசி எடுக்க அங்கே சென்றாள். மூன்றாம் பாடவேளையில் சிஸ்டரின் புதிய கத்தரிக்கோலைக் காணவில்லை. யார் யார் உள்ளே போனீர்கள் என்று கேட்டார்கள். நான் எழுந்து, “நான் போனபோது கத்தரிக்கோல் மேசையில்தான் இருந்தது, சிஸ்டர். என் கண்ணால் பார்த்தேன்” என்றேன்.

அவ்வளவுதான். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பின் உள்ளே போனவள் ஒருத்திதானே? வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அன்று மதியம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. மாலையில் வாசலருகே என்னிடம் வந்து, “நீ நிஜமாவே பார்த்தியாடி?” என்று மட்டும் கேட்டாள். “ஆமாம்” என்றேன்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் வேறு வகுப்பு டீச்சர் ஒருவர் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே, கண்காட்சிக்குப் படம் வெட்ட எடுத்துச் சென்றாராம். மதியம் காய்ச்சல் வரவே, சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாராம். அப்படியானால் நான் அந்த அறைக்குள் நுழைந்தபோது கத்தரிக்கோல் அங்கே இல்லவே இல்லை! இல்லாத பொருளை நான் எப்படிப் பார்த்தேன்? பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று சிறு வயது முதல் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது பொய்யாயிற்று. இது என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தாம்பாள விளையாட்டு

எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. “மேசையில் வேறு என்னென்ன இருந்தன, சொல்” என்றார்கள். இஞ்சு டேப், நூல்கண்டு, பொத்தான் டப்பா என்றேன். நாலாவதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “மறுநாள் வா” என்றார்கள்.

மறுநாள் ஒரு தாம்பாளத்தில் பதினாறு பொருள்களை வைத்து வெள்ளைத் துண்டால் மூடியிருந்தார்கள். சாவி, சீப்பு, ஊக்கு, சோழி, பம்பரம், எலுமிச்சம்பழம், தீப்பெட்டி, கண்ணாடி வளையல், இப்படிச் சில்லறைச் சாமான்கள். துண்டை எடுத்து, கண் இமைக்கும் நேரத்தில் மூடினார்கள். “எழுது” என்றார்கள். நான் எழுதியவற்றில் சரியானவை நான்கு. “பேனா” என்றும் எழுதியிருந்தேன். தாம்பாளத்தில் பேனா இல்லை! இரண்டாம் முறை ஒரு நிமிடம் பார்க்கவிட்டார்கள். இப்போது பதினொன்று எழுதினேன். ஒரு நிமிடம் கிடைத்ததும் நான் என்ன செய்தேன்? ஒவ்வொன்றின் பெயரையும் வாய்க்குள் முணுமுணுத்தேன். சீப்பையும் வளையலையும் ஒரு பெண்ணோடு சேர்த்து நினைத்துக்கொண்டேன். அதாவது கண்ணின் வேலையோடு வாயின் வேலையையும் கதையின் வேலையையும் சேர்த்துக்கொண்டேன்.

சாரணியர் இயக்கத்தில் உள்ள தோழியருக்கு இந்த விளையாட்டு பழக்கமானதே. ருட்யார்ட் கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட ‘கிம்’ என்ற நாவலில், சிம்லாவில் ஒரு சிறுவனுக்குத் தட்டில் மணிகளைக் காட்டி மறைத்துப் பயிற்சி தருவதாக வருகிறது. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் அதைத் தம் பயிற்சிகளில் சேர்த்தார். அதனால் அதற்குக் ‘கிம் விளையாட்டு’ என்றே பெயர் வந்தது.

காட்சிச் செயல் நினைவு என்றால் என்ன?

நினைவு என்பது ஒரே பெட்டி அன்று. மூன்று வகை நினைவுகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். முதலாவது, மின்னல் அடித்து மறைந்தபின் கண்ணில் நிற்கும் ஒளி போன்றது. நிறைய விவரம் இருக்கும். ஆனால் ஒரு விநாடிகூட நிலைக்காது. மூன்றாவது, நம் வீட்டு முகவரியும் பெருக்கல் வாய்பாடும் தங்கியிருக்கும் நெடுநாள் நினைவு. அது மிகப் பெரிய களஞ்சியம். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதே செயல் நினைவு. இப்போது செய்கிற வேலைக்காகச் சில விநாடிகள் மட்டும் மனத்தில் ஏந்திக்கொள்ளும் நினைவு இது. கண்ணால் கண்டதை அப்படி ஏந்துவதைக் காட்சிச் செயல் நினைவு எனலாம்.

கரும்பலகையைப் பார்த்து, குனிந்து நோட்டில் எழுதும் வரை படத்தைப் பிடித்து வைத்திருப்பது எது? இதுதான். சாலையில் வலப்பக்கம் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்பும்போது, வலப்பக்கத்து லாரி மனத்தில் நிற்பது எதனால்? இதனால்தான். கையளவே உள்ள இந்த நினைவு இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடவாது.

அவரை விதையும் பல்லாங்குழியும்

ஒரு பார்வையில் எத்தனை பிடிபடும்? இக்கேள்வியை இங்கிலாந்தில் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற அறிஞர் தம்மையே வைத்துச் சோதித்து, 1871-இல் எழுதினார். கருப்பு அவரை விதைகளை ஒரு கை அள்ளி, ஒரு பெட்டிக்குள் விழும்படி வீசுவார். விழுந்த மாத்திரத்தில் எண்ணாமலே எத்தனை என்று சொல்வார். பிறகு எண்ணிப் பார்ப்பார். ஆயிரம் முறைக்கு மேல் இப்படிச் செய்தார். மூன்றோ நான்கோ விழுந்தபோது அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறு எட்டிப் பார்த்தது. எண்ணிக்கை ஏற ஏறத் தவறும் ஏறியது.

இதைப் படித்தபோது எனக்குப் பல்லாங்குழி நினைவுக்கு வந்தது. குழியில் நான்கு முத்துகள் சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வோம் அல்லவா? நான்கு சேர்ந்ததை யாரும் விரல்விட்டு எண்ணுவதில்லை, கண் சொல்லிவிடுகிறது. ஏழா எட்டா என்றால் மட்டும் கை குழிக்குள் போகிறது.

எண்ணிக்கை அறிவது வேறு, நினைவில் வைப்பது வேறுதான். ஆனால் பின்னாளில் நினைவைச் சோதித்தவர்களும் ஏறக்குறைய இதே எண்ணிடம் வந்து சேர்ந்தது வியப்புக்குரியது.

ஆய்வுக் கூடத்தில் கண்டவை

1960-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்பெர்லிங் என்பவர், மூன்று வரிசைகளில் வரிசைக்கு நான்காகப் பன்னிரண்டு எழுத்துகளை விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார். பார்த்தவர்கள் நான்கு அல்லது ஐந்து எழுத்துகளையே சொன்னார்கள். ஆனால் எல்லாரும், “இன்னும் தெரிந்தது, சொல்வதற்குள் மறைந்துவிட்டது” என்ற எண்ணத்தில் இருந்தார்கள். ஸ்பெர்லிங் ஓர் உபாயம் செய்தார். எழுத்துகள் மறைந்தவுடன் ஓர் ஒலியை எழுப்பினார். ஒலி உயர்ந்தால் மேல் வரிசை, இடைநிலையானால் நடு வரிசை, தாழ்ந்தால் கீழ் வரிசை. எந்த வரிசையைக் கேட்டாலும் நான்கில் மூன்றைச் சொன்னார்கள்! அப்படியானால் அக்கணத்தில் ஒன்பது எழுத்துகளாவது மனத்தில் இருந்திருக்க வேண்டும். ஒலியை ஒரு விநாடி தாமதித்தால் அந்த வசதி மறைந்துவிட்டது. முதல் நினைவு கரைந்துபோகிறது. செயல் நினைவு சிலவற்றையே காப்பாற்றுகிறது என்பது இதனால் விளங்கிற்று.

1997-இல் ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் என்ற இருவர் எழுத்துக்குப் பதிலாக வண்ணச் சதுரங்களைக் காட்டினர். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டி மறைப்பார்கள். ஏறத்தாழ ஒரு விநாடி கழித்து மீண்டும் காட்டுவார்கள். ஏதாவது ஒரு சதுரத்தின் நிறம் மாறியதா என்று சொல்ல வேண்டும். மூன்று சதுரங்கள் வரை பார்த்தவர்கள் தவறவில்லை. நான்கிலிருந்து தடுமாற்றம் தொடங்கியது, பன்னிரண்டில் மிகுந்தது. கணக்கிட்டால் அவர்கள் மனத்தில் நின்றவை மூன்று, நான்கு நிறங்களே.

அதற்கு முன் 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலார் ‘ஏழு, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம்’ என்று எழுதியது மிகவும் புகழ்பெற்றது. பலரும் இன்றும் ஏழு என்றே சொல்வதுண்டு. முணுமுணுத்தும் சேர்த்துக் கட்டியும் கிடைக்கும் உதவியை விலக்கிப் பார்த்தால் உண்மையான அளவு நான்கு அளவில்தான் என்று நெல்சன் கோவன் என்பவர் 2001-இல் எடுத்துக் காட்டினார். நான் ஒரே பார்வையில் நான்கும் ஒரு நிமிடத்தில் பதினொன்றும் எழுதியதன் காரணம் இப்போது எனக்குப் புரிந்தது. சிறு குழந்தைகளுக்கு இந்த அளவு இன்னும் குறைவு. வளர வளர ஏறுகிறது.

மூளையிலும் இதன் அடையாளம் தெரிகிறது. 2004-இல் வெளிவந்த ஆய்வுகளில், தலையின் பின்மேற்புறம் உள்ள ஒரு மூளைப் பகுதியின் இயக்கம், நினைவில் வைக்கும் பொருள்கள் கூடக் கூடக் கூடியது. நான்கு அளவில் வந்ததும் அதற்குமேல் கூடாமல் நின்றுவிட்டது.

நாலு தம்ளரா? ஒரு சொம்பா?

இதில் அறிஞர்களிடையே ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரு சாரார், நம் மனத்தில் நாலு தம்ளர்கள் உள்ளன, ஒன்றில் ஒரு பொருளே நிற்கும், ஐந்தாவது பொருளுக்கு இடமே இல்லை என்கின்றனர். மற்றொரு சாரார், தம்ளர் கணக்கு இல்லை, ஒரு சொம்பு மோர்தான் உள்ளது. எத்தனை பேர் வந்தாலும் பங்கிட்டுக் கொடுக்கலாம், ஆனால் ஆள் கூடக் கூடப் பங்கு குறையும் என்கின்றனர். அதாவது பத்துப் பொருளையும் நினைவில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் மங்கலாகவே நிற்கும். இருதரப்புக்கும் சான்றுகள் உண்டு. எது வென்றாலும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: ஏந்தும் கை சிறியது.

மாறியதும் தெரிவதில்லை

கை இவ்வளவு சிறியதென்றால் உலகம் முழுவதும் நமக்குத் தெளிவாகத் தெரிவதுபோல் ஏன் தோன்றுகிறது? கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் மிகத் தெளிவாகக் காண்பது ஏறக்குறைய அந்த நகத்தின் அகலமே. மற்ற இடமெல்லாம் மங்கல்தான். கண் விநாடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பார்ப்பதால், எங்கே பார்த்தாலும் தெளிவாக இருக்கிறது. ஆகவே எல்லாம் எப்போதும் தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வேண்டும்போது திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் மூளை எல்லாவற்றையும் சுமப்பதில்லை.

இதற்கு வேடிக்கையான ஒரு சோதனை உண்டு. 1998-இல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இருவர் வெளியிட்டது. ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போது இருவருக்கும் நடுவே ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் புகுந்து போவார்கள். அந்தக் கதவின் மறைவில் வழி கேட்டவர் போய்விட, வேறொருவர் அந்த இடத்தில் நின்று பேச்சைத் தொடர்வார். பதினைந்து வழிப்போக்கரில் ஆள் மாறியதைக் கவனித்தவர்கள் ஏழு பேரே! மற்றவர்கள் புதியவருக்கும் பொறுமையாக வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் கத்தரிக்கோல் புதிரும் இங்கேதான் அவிழ்ந்தது. ஒரு பார்வையில் மூன்று பொருள்களே எனக்குள் வந்தன. மீதி மேசையை நான் பார்க்கவில்லை, வழக்கத்தால் நிரப்பிக்கொண்டேன். நாள்தோறும் கத்தரிக்கோல் அங்கே இருக்கும்; ஆகவே அன்றும் இருந்ததாக மனம் வரைந்துகொண்டது. தாம்பாளத்தில் இல்லாத பேனாவை எழுதியதும் இதே கைதான். தவறான அந்த நினைவு, சரியான நினைவைப் போலவே தெளிவாகவும் உறுதியாகவும் இருந்ததுதான் எனக்கு மிகவும் அச்சம் தந்தது.

பெரும் நினைவாற்றல் உடையவர்கள்

“நூற்றுக்கணக்கில் நினைவில் வைப்பவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்களே!” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன் 1981 ஜூலையில் மங்களூரில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான ‘பை’ எண்ணின் 31,811 இலக்கங்களைத் தவறின்றி மனப்பாடமாகச் சொல்லி உலகச் சாதனை படைத்தார். அப்படிப்பட்டவருக்குக் கண்ணால் கண்டதெல்லாம் படம்போல் பதிந்துவிடும் என்றுதானே நினைப்போம்?

அமெரிக்காவில் இர்விங் பீடர்மன் முதலிய உளவியலார் அதையும் சோதித்து 1992-இல் வெளியிட்டனர். சாதாரணப் பொருள்களின் 48 படங்களைக் காட்டினர். ஒவ்வொரு படமும் இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கம் இருந்ததா, எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ராஜனோடு எட்டுச் சாதாரண மனிதர்களும் கலந்துகொண்டனர். இலக்கங்களில் உலகை வென்ற ராஜன், இதில் அந்த எட்டுப் பேரின் அளவைவிடக் குறைவாகவே பெற்றார்! அவருக்கு இயற்கை அளித்திருந்ததும் நம்முடையதைப் போன்ற சிறு கைதான். இலக்கங்களைக் கட்டித் தூக்கும் வித்தையில் மட்டும் அவர் மிகப் பெரியவர்.

நம் தமிழ்நாட்டில் ‘கவனகம்’ அல்லது ‘அவதானம்’ என்னும் கலை உண்டு. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து, ‘சதாவதானி’ என்ற பட்டம் பெற்றார். 2008-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவதானத்தில் ஒருவர் முதுகில் நெல்லையோ பூவையோ போட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். எல்லாவற்றையும் நடத்திவிட்டு இறுதியில் அனைத்துக்கும் விடை சொல்ல வேண்டும். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். விழுந்த நெல்லைப் படமாகச் சுமக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணாகச் சுமந்தால் போதும். செய்யுளோ எதுகையாலும் சீராலும் கட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கான பயிற்சியினால் ஒவ்வொன்றும் நெடுநாள் நினைவில் ஓர் ஆணியில் மாட்டப்படுகிறது.

கோலமும் சதுரங்கமும்

இந்த வித்தை மேதைகளுக்கு மட்டும் உரியதன்று. என் அப்பத்தா பள்ளிக்கூடம் சென்றவரில்லை. ஆனால் பொங்கலன்று பதினைந்து புள்ளிக் கோலத்தைப் புத்தகம் பாராமல் போடுவார். நானோ புத்தகத்தைப் பார்த்துப் போட்டாலும் நாலு வளைவுக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். “எப்படி அப்பத்தா அத்தனை புள்ளியும் ஞாபகம் இருக்கு?” என்று கேட்டேன். “அம்புட்டுப் புள்ளியையும் நெனப்புல வச்சா கோலம் வருமா தாயி? ஒரு மூலையைப் போடு, அதையே நாலு மூலைக்கும் திருப்பு. கைக்கு வழி தெரியும்” என்றார்.

அப்பத்தா சொன்னது எவ்வளவு பெரிய உண்மை! நூற்றுக்கணக்கான புள்ளிகள் அவருக்கு ஒரே ஒரு மூலை. ‘நான்கு தடவை திருப்பு’ என்பது ஒரே ஒரு விதி. கோலங்களுக்குள் இலக்கணம் போன்ற விதிகள் உள்ளன என்பதைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரும் 1974-இல் கணிதக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள்.

சதுரங்கத்திலும் இப்படியே. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர், ஆட்டத்தின் நடுவில் உள்ள ஒரு பலகையை ஐந்து விநாடி காட்டி, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு காய் அளவுக்குச் சரியாக வைத்தார்; புதிதாக ஆடுபவர் நான்கு. காய்களை ஆட்ட முறையின்றிக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது, தேர்ந்தவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டனர்! தேர்ந்தவருக்குக் கண் பெரியதன்று. பல காய்களை ஒரே கூட்டமாகப் பார்க்கும் பழக்கமே அவரிடம் உள்ளது. சந்தைக்குப் போகிறவர் ஐம்பது கத்தரிக்காயைக் கையில் ஏந்த முடியாது. ஒரு பையில் போட்டால் ஒரு கையில் வந்துவிடும். பை தைப்பதற்குப் பெயர்தான் படிப்பும் பயிற்சியும்.

நமக்கு என்ன பயன்?

மாணவியராகிய நமக்கு இதில் பயன் உண்டு. அறிவியல் படத்தை முழுவதும் ஒரே பார்வையில் விழுங்க முயலாமல், இதயம் என்றால் நான்கு அறைகள், பிறகு அவற்றின் வால்வுகள், பிறகு இரத்தக் குழாய்கள் என்று நாலு நாலாகக் கூட்டம் கட்டிப் படிக்கலாம். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை நாம் துண்டு துண்டாகச் சொல்வதும் இதனால்தான். கரும்பலகையை அடிக்கடி நிமிர்ந்து பார்த்து எழுதும் தங்கையரை, “கவனமில்லை” என்று கடிந்துகொள்ள வேண்டாம். அவர்கள் ஏந்தும் கை நம்முடையதைவிடச் சிறியது. அவர்கள் கவனமாக இருப்பதால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் நம் திருமங்கலம் உள்ளது. இராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் சாலையும் இங்கிருந்தே பிரிகிறது. இங்கே சாலையைக் கடக்கும் குழந்தையின் மனத்தில் பேருந்து, லாரி, ஆட்டோ என மூன்றே நின்றால், நான்காவதாக வரும் மோட்டார் சைக்கிளுக்கு இடமேது? கையில் செல்பேசியும் இருந்தால், இருக்கும் இடத்தில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். வலம், இடம், மறுபடியும் வலம் என்று பார்க்கச் சொல்வது வெறும் சடங்கன்று. முதலில் பார்த்தது மனத்தில் பழையதாகிவிடும். புதிதாக வந்தது அதில் இருக்காது. சிறு பிள்ளைகளைத் தனியே கடக்க விடாதீர்கள்.

முடிவுரை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. தீர விசாரியாத ஒரு தீர்ப்பு என்ன செய்யும் என்பதற்குக் கோவலன் கதையைவிடப் பெரிய சான்று நம் மதுரைக்கு வேண்டியதில்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த இரண்டு சிலம்புகளில், உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கப்பட்டது, கோவலன் இறந்த பிறகுதான்.

கண் குறைபாடு உடையது என்று நான் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சுமந்தால் எதையும் தேர்ந்து பார்க்க முடியாது. ஒன்றைக் கூர்ந்து நோக்க மற்றதை விட்டுவிடத்தான் வேண்டும். கண்ணின் அளவை அறிந்து பேசுவதே நம் கடமை. இப்போதெல்லாம் யாராவது என்னை, “பார்த்தாயா?” என்று கேட்டால், ஒரு கணம் நின்று, நான் உண்மையில் பார்த்தது எது, இருந்திருக்கும் என்று நினைப்பது எது என்று பிரித்துப் பார்க்கிறேன். தெரியாதபோது “கவனிக்கவில்லை” என்று சொல்ல வெட்கப்படுவதில்லை.

கத்தரிக்கோல் கிடைத்த அன்றே, என் தோழியிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னும் அவளைத் தலைகுனிய வைத்தவள் நான். ஆகவே எல்லார் முன்னும்தானே கேட்க வேண்டும்? அவள் சிரித்துவிட்டு, “சரி விடுடி, இனிமே நல்லாப் பாத்துச் சொல்லு” என்றாள். இக்கட்டுரையை முதலில் படித்தவளும் அவளே. இதை அச்சிடலாமா என்று கேட்டேன். “போடு. ஆனா அந்தத் தாம்பாளத்தை ஒருநாள் எனக்கும் வச்சுக் காட்டு” என்றாள். காட்டினேன். அவளும் ஒரே பார்வையில் நான்குதான் எழுதினாள்.